சங்கு நேரமும் ரயில் நேரமும்

யூனிக்ஸ் என்ற பழைய கம்ப்யூட்டர் முறையில் செய்கிற வேலையை விண்டோஸில் செய்ய முடியாது என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு தோல் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து நான் அதைச் செய்து காட்டினேன். நன்றாகவே ஓடியது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அதன் நடுவே வந்த ஒரு மாலை நேரத்தை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். தனித்தனியாக எழுதினால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலூரில் கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கி, ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோவும் முடித்து அங்கே சேர்ந்தேன். அறையில் இருந்தது ஒரே ஒரு யூனிக்ஸ் மெஷின். அதிலிருந்து வயர் இழுத்து நான்கு டெர்மினல்கள். படமும் கிடையாது, மவுசும் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. நாம் ஒரு கட்டளையைத் தட்டுவோம், அது ஒரு பதில் சொல்லும். அந்தக் கட்டளைகளை வாங்கிக்கொள்கிற இடத்துக்கு ஷெல் என்று பெயர். சின்னச் சின்னக் கட்டளைகள்: ஒன்று தேடும், ஒன்று வரிசைப்படுத்தும், ஒன்று எண்ணும். ஒன்றின் வாயிலிருந்து வருவதை இன்னொன்றின் வாயில் கொடுக்கலாம். பிடிபட்ட பிறகு, வேறு எதிலும் வேலை செய்யப் பிடிக்கவில்லை.

அதில் நான் எழுதிய முக்கியமான புரோகிராம் டிரம் சீட்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டேனரியில் பச்சைத் தோலைப் பெரிய மர டிரம்களில் போட்டு, தண்ணீரும் மருந்தும் விட்டுச் சுற்றவிடுவார்கள். முதலில் சுண்ணாம்பும் சல்ஃபைடும். முடி கழன்றுவிடும். பிறகு நன்றாகக் கழுவி, லேசான ஆசிட் விட்டுச் சுண்ணாம்பை எடுப்பார்கள். எல்லா அளவும் தோலின் எடைக்கு இத்தனை சதவீதம் என்ற கணக்கு. முன்பு அதை டிரம் மாஸ்டர் மனக்கணக்காகப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். என் புரோகிராம் வந்த பிறகு, எந்த டிரம், எவ்வளவு தண்ணீர், என்ன மருந்து, எத்தனை முறை கழுவ வேண்டும், எப்போது கதவைத் திறக்கலாம் என்று வரிவரியாக ஒரு சீட்டு அச்சாகி வரும். மாஸ்டர் வீட்டுக்குப் போன பிறகும் மாலை ஷிப்ட் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நடக்கும். சீட்டில் இருப்பதைச் செய்வார்கள், இல்லாததைச் செய்யமாட்டார்கள். அதுதான் டிரம்கள் நிற்கிற யார்டின் ஒழுங்கு.

அந்தப் புரோகிராம் பல கோப்புகளாக இருந்தது. அவற்றைச் சேர்த்துக் கட்டி ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது மேக் என்ற கருவி. அது ஒரு சிக்கனக்காரி. வீட்டில் அரைத்த மாவு இருக்கும்போது மறுபடி அரிசியை ஊறப்போட மாட்டோம் அல்லவா, அதைப் போல, மாறாத கோப்பை அது தொடாது. மாறியதை மட்டும் எடுத்து மறுபடி கட்டும். எது மாறியது என்று அதற்கு எப்படித் தெரியும்? கோப்பின் மேல் பதிந்திருக்கிற நேரத்தைப் பார்க்கும். நாம் எழுதிய கோப்பு, அதிலிருந்து கட்டிய கோப்பைவிடப் புதியதாக இருந்தால் கட்டும். பழையதாக இருந்தால் விட்டுவிடும். அவ்வளவுதான் அதன் புத்தி. பல வருடங்கள் அந்தப் புத்தியை நம்பி வேலை செய்தேன். ஒரு நாளும் அது என்னைக் கைவிடவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த யூனிக்ஸ் மெஷினுக்கு உதிரிபாகம் கிடைப்பது நின்றுபோனது. சின்ன முதலாளி விண்டோஸ் மெஷின்களாக வாங்கி இறக்கினார். சென்னையிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி டை கட்டிக்கொண்டு வந்தார்.

“பழசையெல்லாம் தூக்கிப் போடுங்க மேடம். ஆறு மாசத்துல எல்லாத்தையும் புதுசா எழுதித் தர்றோம்.”

“அந்த ஆறு மாசமும் டிரம்ல தோல் போடாம நிறுத்தி வெச்சிடலாமா சார்?” என்று கேட்டேன்.

சின்ன முதலாளி சிரித்துவிட்டார். “இன்னாம்மா, அப்போ நீங்களே இன்னா செய்யறதா இருக்கீங்க?”

“இதே புரோகிராமை விண்டோஸ்லயே நடக்க வெக்கறேன். எனக்கு ஒரு மாசம் குடுங்க.”

யூனிக்ஸ் ஷெல்லையும் அதன் கருவிகளையும் விண்டோஸுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி யாரோ செய்து, இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்திருந்தேன். வேலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இறக்கினேன். பாதியில் லைன் போகும், மறுபடி முதலிலிருந்து. கடைக்காரர் என்னைப் பார்த்தாலே, “அக்கா, இன்னிக்காவது முடியுமா?” என்பார். ஒருவழியாக ஒரு சிடியில் ஏற்றிக்கொண்டு ஆம்பூர் போனேன். விண்டோஸின் நீலத் திரையில் ஒரு சின்னக் கறுப்புச் சன்னல் திறந்தது. கோப்புகளைப் பட்டியலிடும் பழைய கட்டளையைத் தட்டினேன். பதில் வந்தது. வெளியூரில் நம் தெருக்காரரைப் பார்த்தது போல இருந்தது.

ஆனால் குடியிருப்பது இன்னொருவர் வீடு. அதன் வழக்கங்களோடு ஒத்துப்போக வேண்டும். யூனிக்ஸில் பாதைக்கு ஒரு பக்கம் சாயும் கோடு, விண்டோஸில் மறுபக்கம் சாயும் கோடு. விண்டோஸில் எழுதிய ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். யூனிக்ஸ் கருவி அதில் கால் தடுக்கி விழும். கோப்புறைப் பெயரில் இடைவெளி விட்டால் ஷெல் அதை இரண்டு பெயராக நினைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் வழி கண்டுபிடித்தேன். வரிக் கடைசிகளைச் சுத்தம் செய்ய ஒரு குட்டிக் கட்டளை எழுதினேன். என் கோப்புறைக்கு இடைவெளி இல்லாத ஒற்றைச் சொல்லில் பெயர் வைத்து, சி டிரைவின் தலைவாசலிலேயே வைத்தேன். வாணியம்பாடிக் கடைத்தெருவில் ஒரே ஆள் உர்தூவில் நலம் விசாரித்து, தமிழில் பேரம் பேசி, மறுபடி உர்தூவில் விடைபெறுவார். அவருக்கு அது சிரமமே இல்லை. என் புரோகிராமும் அப்படி ஆனது. சொன்ன ஒரு மாதத்துக்குள் டிரம் சீட்டு விண்டோஸிலிருந்து அச்சாகி வந்தது. சின்ன முதலாளி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, “அதே சீட்டு தானே!” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

யார்டில் இருப்பவர்கள் கறுப்புத் திரையைப் பார்த்து மிரளக்கூடாது என்பதற்காக, ஒரு படத்தின் மேல் இரண்டு முறை தட்டினால் உள்ளே ஷெல் திறந்து, மேக் ஓடி, ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும்படி செய்து வைத்தேன். டிரம்களின் அளவுகள் அந்தந்த யார்டின் மெஷினிலேயே இருந்ததால், புரோகிராமை என் அறையில் திருத்தி, ஃபிளாப்பியில் எடுத்துப் போய், யார்டு மெஷினில் கட்டுவது என் வழக்கம். யார்டு மெஷினின் கீபோர்டில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து பாதி எழுத்து அழுந்தாது. அதில் உட்கார்ந்து எழுதுவது பெரிய பேஜார்.

இங்கே எங்கள் தொழிற்சாலையின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சங்கு இருபது நிமிடம் முன்னாலேயே ஊதும். ஆட்கள் நேரத்துக்கு வந்து சேரட்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ வைத்த ஏற்பாடு. உள்ளே இருக்கிற எல்லாக் கடிகாரமும் சங்கோடு சேர்ந்தே ஓடும். அதற்குச் சங்கு நேரம் என்று பெயர். வெளியே இருப்பது ரயில் நேரம். எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் ஏமாறுவதில்லை. “சங்குக்கு மூணு” என்று சொன்னால் மனசுக்குள் கழித்துக்கொள்வார்கள். விண்டோஸ் மெஷின்கள் வந்ததும் டைம் ஆபீஸ்காரர் கைக்கடிகாரத்தோடு வந்து ஒவ்வொன்றையும் சங்கு நேரத்துக்குத் திருப்பினார்.

“கம்ப்யூட்டர் மட்டும் இன்னா தனி நேரம் காட்டறது? எல்லாருக்கும் ஒரே நேரம்” என்றார். என் மெஷினுக்கு வந்தபோது மட்டும் நின்று யோசித்தார். நான் காட்பாடி பாசஞ்சரைப் பிடித்து வீட்டுக்குப் போகிறவள் என்று அவருக்குத் தெரியும். “சரி, நீங்க ரயில் நேரத்துலயே இருங்க. வண்டிய வுட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க.”

அவர் எனக்குச் செய்தது ஒரு மரியாதை. நானும் நன்றி சொன்னேன்.

அந்தச் சமயத்தில் என் மகள் சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு எங்கள் டேனரிக்கே வந்தாள். லேபில் உட்காருவாள் என்று நினைத்துத்தான் நான் சின்ன முதலாளியிடம் கேட்டது. அவள் முதல் நாளே டிரம் யார்டுக்குப் போய்விட்டாள்.

“லேப்ல உட்காந்து தோல் கத்துக்க முடியாதும்மா. நீ மட்டும் கம்ப்யூட்டரைத் தொடாமலா கத்துக்கிட்ட?”

அவள் அப்பா, “போகட்டும் வுடு” என்று சொல்லிவிட்டார். எனக்கு விட முடியவில்லை. இந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த வாயுவைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சல்ஃபைடு சரியாகக் கழுவப்படாமல் இருக்கும்போது ஆசிட் பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு அது கிளம்பும். நாற்றம் அடித்தால்கூடப் பரவாயில்லை. கொஞ்சம் ஜாஸ்தியானால் மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது. அதற்கப்புறம் ஆள் விழுவான். அவளுடைய வேலையோ, டிரம்மை நிறுத்தியதும் கதவைத் திறந்து, குனிந்து, தோலில் ஒரு ஓரத்தை வெட்டி எடுத்து, சுண்ணாம்பு போய்விட்டதா என்று சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பது.

தினமும் யார்டுக்கு ஃபோன் செய்தேன். மாஸ்க் போட்டாயா, பக்கத்தில் ஆள் இருக்கிறதா, திறந்தவுடனே தலையை நீட்டாதே. ஃபோனை எடுக்கிற மேஸ்திரிக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. “பாப்பா, ஹெட் ஆபீஸ் லைன்ல இருக்குது!” என்று கத்துவார். யார்டே சிரிப்பது எனக்குக் கேட்கும். “அம்மா, இனிமே ஃபோன் பண்ணாத. மானம் போவுது” என்று அவள் வீட்டில் சண்டை போட்டாள்.

அந்த நாள் காலையில் டிரம் மாஸ்டர் என் அறைக்கு வந்தார். பெரியவர், வாணியம்பாடிக்காரர்.

“அம்மா, சுண்ணாம்பு எடுக்கிற சீட்டுல தண்ணி கொஞ்சம் கம்மி பண்ணிடுங்க.”

திருத்தினேன். ஃபிளாப்பியோடு போய் யார்டு மெஷினில் கட்டினேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் மறுபடி வந்தார்.

“மன்னிச்சிடுங்கம்மா, முக்கியமானதை மறந்துட்டேன். நேத்து போட்ட லாட்டு எருமைத் தோல். முடி வர்லன்னு சல்ஃபைடு ஜாஸ்தி போட்டிருக்கேன். ரெண்டு கழுவு பத்தாது. மூணாவது ஒண்ணு சேத்துடுங்க. நான் மதியம் தொழுகை முடிச்சிட்டு அப்படியே ஊருக்குப் போறேன், தங்கச்சி வீட்டுல நிக்காஹ். சீட்டுல வந்துட்டா பசங்க பாத்துக்குவாங்க.”

“இப்பவே சேத்துடறேன் பாய்.”

அது இரண்டே வரி வேலை. சேர்த்தேன். ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு மறுபடி யார்டுக்குப் போய், கோப்பை ஏற்றி, படத்தின் மேல் தட்டினேன். ‘முடிந்தது’ என்று வந்தது. ஒரு சீட்டை அச்சடித்துப் பார்த்துவிடலாம் என்று பிரிண்டரில் தாளை மாட்டுகிறேன், மின்சாரம் போய்விட்டது. மறுபடி வந்தபோது நான் கணக்குப் பிரிவில் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் யார்டு கிளார்க் மாலை ஷிப்டின் சீட்டை அச்சடித்துக் கொடுத்தார்.

மாலையில் ரயில் நிலையத்துக்கு நடந்து போய் பிளாட்பாரத்தில் நின்றேன். தூரத்தில் எங்கள் சங்கு ஊதியது. தலைக்கு மேல் இருந்த ரயில்வே கடிகாரத்தைப் பார்த்தேன். எப்போதும் போல இருபது நிமிடம் வித்தியாசம். பல வருடங்களாக அதே இடத்தில் நின்று அதே சங்கைக் கேட்டிருக்கிறேன். அன்றுதான், ஒரு முறை கட்டிய சில நிமிடங்களிலேயே மறுபடி திருத்திக் கட்டிய நாள். நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன்.

முதல் முறை கட்டிய கோப்பின் மேல் யார்டு மெஷின் சங்கு நேரத்தைப் பதித்திருக்கும். உண்மையான நேரத்தைவிட இருபது நிமிடம் முன்னால். அதற்குச் சில நிமிடங்களில் என் அறையில் நான் திருத்திய கோப்பின் மேல் ரயில் நேரம். ஃபிளாப்பியில் போனாலும் அந்த நேரம் மாறாது. மேக் இரண்டையும் ஒப்பிட்டிருக்கும். திருத்தியது பழையது, கட்டியது புதியது, செய்ய ஒன்றுமில்லை என்று விட்டிருக்கும். ‘முடிந்தது’ என்று வந்தது சரிதான். மூன்றாவது கழுவு எந்தச் சீட்டிலும் ஏறவில்லை.

இப்படி நடந்திருக்கலாமோ என்ற சந்தேகமெல்லாம் எனக்கு இல்லை. அந்தக் கருவியை அவ்வளவு தெரியும் எனக்கு. அது வேறு எதையும் செய்திருக்க முடியாது.

நிலைய வாசலில் இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். யார்டு ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மேஸ்திரி எடுத்தார்.

“வணக்கம் ஹெட் ஆபீஸ்! பாப்பா டிரம்கிட்ட நிக்குது.”

“கூப்பிடுங்க மேஸ்திரி. உடனே.”

“இதோ கதவு திறக்கப் போறாங்க, முடிச்சிட்டு—”

“இப்பவே கூப்பிடுங்க!”

அவர் குரல் மாறியது. காலடிச் சத்தம் கேட்டது. பிறகு அவள்.

“இன்னாம்மா இப்ப? மாஸ்க் போட்டிருக்கேன். சாப்ட்டேன். போதுமா?”

“சீட்டு கையில இருக்கா? கழுவறது எத்தனை வரி இருக்கு, பாரு.”

“ரெண்டு.”

“நல்லா பாரு.”

“ரெண்டுதாம்மா. எப்பவும் ரெண்டுதான? எல்லாரும் நிக்கிறாங்க, நான் கட் எடுக்கணும்.”

“கதவைத் திறக்காத கண்ணு.”

“அம்மா, ப்ளீஸ். தினமும் ஒண்ணு சொல்ற. இப்பவும் எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கிறாங்க.”

அவள் ஃபோனை வைக்கப் போகிறாள் என்று மூச்சிலேயே தெரிந்தது. கத்தினால் வைத்துவிடுவாள். அழுதாலும் வைத்துவிடுவாள். இத்தனை நாள் நான் சொன்ன எச்சரிக்கைகளின் வரிசையில் இதுவும் ஒன்று என்றுதான் அவள் காதில் விழுகிறது. அறையில் சின்ன முதலாளியிடம் பேசுகிற குரலில் பேசினேன்.

“உங்கம்மா பேசல. கம்ப்யூட்டர் ரூம் பேசுது. கேட்டுக்க. மாஸ்டர் காலைல வந்து இந்த லாட்டுக்கு சல்ஃபைடு ஜாஸ்தி, மூணு கழுவு போடுங்கன்னு சொன்னாரு. நான் போட்டேன். யார்டு மெஷின் சங்கு நேரத்துல ஓடுது, என் மெஷின் ரயில் நேரத்துல ஓடுது. என் திருத்தம் பழசுன்னு நெனச்சு மேக் அதைக் கட்டல. உன் கையில இருக்கறது அதுக்கு முன்னாடி கட்டின சீட்டு. தோலை ரெண்டு தடவைதான் கழுவியிருக்கீங்க.”

அந்தப் பக்கம் தாள் சரசரத்தது.

“ஆசிட் போட்டாச்சா?” என்று கேட்டேன்.

“போட்டாச்சு.” அவள் குரலும் வேறாகியிருந்தது. “சுத்தி நிறுத்தியிருக்கோம்.”

அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. ரிசீவரை மேஜை மேல் வைத்த சத்தம். தூரத்தில் அவள் குரல்: “மேஸ்திரி அண்ணே, கதவுகிட்ட யாரும் போவாதீங்க! வாங்க, எல்லாரும் வெளிய வாங்க! காத்து வர்ற பக்கம் நில்லுங்க!” யாரோ “இன்னா பாப்பா ஆச்சு?” என்று கேட்டார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடி அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பாசஞ்சர் வந்தது, நின்றது, போனது.

பூத்துக்காரர்தான் ஆட்டோவைப் பிடித்துக் கொடுத்தார்.

பிறகு நடந்ததைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசினார்கள். சின்ன முதலாளி அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு, “இந்தப் பழைய சாமானை விண்டோஸ்ல ஓட்டறதாலதான இதெல்லாம்?” என்று கேட்டார். “இல்ல சார்” என்றேன். “ஒரே காம்பவுண்டுக்குள்ள ரெண்டு நேரம் ஓடறதால. புது சாமான் வாங்குனாலும் அதுக்கும் கடிகாரம்தான் கண்ணு. மெஷின் எல்லாத்தையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவாங்க. சங்கை எப்ப வேணா ஊதுங்க.” அவர் டைம் ஆபீஸ்காரரைக் கூப்பிட்டார். அந்த வாரமே எல்லா மெஷினும் ரயில் நேரத்துக்கு வந்தது. நான் என் பங்குக்கு, கட்டியிருந்தால் ‘கட்டியது’ என்றும், கட்டாமல் விட்டால் ‘எதையும் கட்டவில்லை’ என்றும் தனித்தனியாகச் சொல்லும்படி மாற்றினேன். எந்த நேரத்தில் கட்டிய புரோகிராம் என்பது ஒவ்வொரு சீட்டின் தலையிலும் அச்சாகும்படியும் செய்தேன். நான் வேலையை விடும்வரை அந்தப் புரோகிராம் விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகளோடு ஓடியது. ஒரு லாட்டும் அதனால் கெடவில்லை.

அந்த மாலைக்குத் திரும்புகிறேன். ஆட்டோவை விட்டு இறங்கி யார்டுக்கு ஓடினபோது எல்லோரும் வெளியே, வேப்பமரத்துப் பக்கம் நின்றிருந்தார்கள். தலைகளை எண்ணினேன். பிறகுதான் அவளைத் தேடினேன் என்று சொன்னால் பொய். அவளைத்தான் முதலில் தேடினேன். அவள் டிரம்முக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு நீளமான குச்சியின் முனையில் ஒரு காகிதத் துண்டைக் கட்டி, டிரம் சுழலும் அச்சில் மருந்து விடுகிற துளைக்கு அருகே நீட்டிக்கொண்டிருந்தாள். லேபில் ஒரு மருந்தில் நனைத்துக் கொண்டுவந்த காகிதம். அந்த வாயு பட்டால் கறுக்கும். குச்சியைத் திரும்ப இழுத்து எனக்குக் காட்டினாள். சொல்லத் தேவையில்லாதபடி கறுத்திருந்தது.

அவளைக் கட்டிப்பிடித்து அழைத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அவள் அதற்குள் மேஸ்திரியிடம் திரும்பியிருந்தாள்.

“அண்ணே, கதவைத் தொடாம, அச்சு வழியா சுண்ணாம்புத் தண்ணிய உள்ள விடலாமா? ஆசிட்டை முறிச்சா வாயு அடங்கிடும்.”

“விடலாம் பாப்பா. தொட்டில கலக்கி மேல தூக்கணும், அவ்வளவுதான்.”

“விசிறி எல்லாத்தையும் போட்டு வுடுங்க. அடங்கினப்புறம் வால்வு வழியா தண்ணிய இறக்கிட்டு, முதல்லருந்து கழுவுவோம்.” பிறகு என்னைப் பார்த்தாள். “கம்ப்யூட்டர் ரூம், எனக்கு சரியான சீட்டு வேணும்.”

யார்டு மெஷின் காற்று வருகிற பக்கத்துத் தனி அறையில் இருந்தது. படத்தைத் தொடாமல் ஷெல்லை நேராகத் திறந்தேன். உப்பு படிந்த கீபோர்டில், என் திருத்தத்தின் மேல் இப்போதைய நேரத்தைப் பதிக்கிற ஒரு சின்னக் கட்டளையைத் தட்டினேன். பிறகு மேக். கறுப்புச் சன்னலில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி நின்றன. கட்டியது. சீட்டை அச்சடித்து, கழுவும் வரிகளை விரல் வைத்து எண்ணினேன். மூன்று. அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவளும் எண்ணிப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் நீட்டினாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

சுண்ணாம்புத் தண்ணீர் ஏறியது. டிரம் சுற்றியது. நீட்டிய முதல் காகிதம் கறுத்தது, அடுத்தது பழுப்பானது, அதற்கடுத்தது வெளுப்பாகவே நின்றது. தண்ணீரை இறக்கிக் கழுவினார்கள். மறுபடி கழுவினார்கள். மூன்றாவது முறையும் கழுவி, ஆசிட்டை மெதுவாக விட்டு, டிரம்மைச் சுற்றவிட்டு நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் அவள் குச்சியை நீட்டி, காகிதத்தைப் பார்த்து, தலையசைத்தாள்.

“திறக்கலாமா பாப்பா?” என்றார் மேஸ்திரி.

“நான்தான் கட் எடுக்கணும்” என்றாள்.

வேறு யாராவது எடுக்கட்டும் என்று சொல்லலாம். நான் சொன்னால் மேஸ்திரி அன்றைக்குக் கேட்டிருப்பார், அன்றைக்கு யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். காகிதம் வெளுப்பாக இருந்தது. சீட்டு சரியாக இருந்தது. அது இரண்டையும் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

கதவைத் தூக்கினார்கள். அவள் முகத்தைத் திருப்பியபடி காத்திருந்து, காகிதத்தை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, பிறகு குனிந்து கையை உள்ளே விட்டாள். அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலின் ஓரத்தை வெட்டி எடுத்து நிமிர்ந்தாள். சொட்டு மருந்தை விட்டு விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

“சுண்ணாம்பு போய்டுச்சு” என்றாள், தனியாக யாரிடமும் அல்ல, எல்லோரிடமும்.